பதிப்புரிமை மீறல் முறையீட்டின் மொழி: தமிழ் – மலையாள எல்லையை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

1. முன்னுரை

நூலாசிரியர், மொழிபெயர்ப்பாளர், களப்பணியாளர் ஆகிய மூவரின் உழைப்பும் இன்று இணையத் தளங்களில் எளிதில் படியெடுக்கப்பெறுகிறது. அவ்வாறு ஏற்றப்பெற்ற படியை நீக்குமாறு தளத்தினருக்கு எழுதும் முறையீடு பார்வைக்கு ஒரு சிறு படிவமே. எனினும் அது சட்ட விளைவுடைய பனுவலாகும். அதிலுள்ள ஒரு சொல்லின் பொருள் மாறினாலோ ஓர் அடைத்தொடர் இடம்பெயர்ந்தாலோ உரியவர் பயன் இழப்பார். உரியவர் அல்லாதவர் பயன் பெறுவார். சில வேளைகளில் குற்றமற்ற ஒருவரின் குரல் தளத்திலிருந்து மறைந்துபோகும்.

இம்முறையீட்டின் சட்ட அடிப்படை, கலைச்சொற்கள், வாக்கிய அமைப்பு, சான்று காட்டும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. எடுத்துக்காட்டுக் களமாக விழிஞ்ஞம் கொள்ளப்பெறுகிறது. திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே அமைந்த இவ்வூர் ஆய் வேளிரின் துறைமுகமாக விளங்கியது. பாண்டியர் செப்பேட்டிலும் இடம்பெறுவது. 1956 நவம்பர் 1-இல் தென்திருவிதாங்கூரின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது இவ்வூர் கேரளத்தில் நின்றது. அரசெல்லை அவ்வாறு வகுக்கப்பெற்றாலும் கடற்கரை மக்களின் பேச்சும் பாட்டும் அவ்வெல்லையில் முடிந்துவிடவில்லை. இரு மொழிகளுக்கிடையே பனுவல்கள் இடையறாது பெயரும் இத்தகைய பகுதியில்தான் முறையீட்டு மொழியின் சிக்கல்கள் தெளிவாகப் புலப்படுகின்றன.

2. சட்டப் பின்னணி

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பெற்றது. அதன் 14-ஆம் பிரிவு, ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமையையும் அப்படைப்பின் உரிமையாளருக்கே அளிக்கிறது. ஆகவே இசைவு பெறாத மொழிபெயர்ப்பு, எத்துணைச் செம்மையுடையதாயினும், உரிமை மீறலே. 22-ஆம் பிரிவின்படி இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியர் வாழ்நாள் முழுவதும் நின்று, அவர் மறைந்த ஆண்டை அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். உரிமை பெறப் பதிவு கட்டாயமன்று. எனினும் பதிவேட்டுக் குறிப்பு முதனிலைச் சான்றாக ஏற்கப்பெறும்.

2012-ஆம் ஆண்டுத் திருத்தம் 52(1)(இ) பிரிவில் தளத்தினருக்கான ஒரு நடைமுறையைச் சேர்த்தது. பதிப்புரிமை விதிகள் 2013-இல் 75-ஆம் விதி அதனை விரித்துரைக்கிறது. அதன்படி முறையீடு எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். அதில் ஆறு செய்திகள் இடம்பெற வேண்டும்: படைப்பை அடையாளம் காட்டும் விவரம்; முறையீட்டாளர் உரிமையாளர் அல்லது தனியுரிமம் பெற்றவர் என நிறுவும் விவரம்; தளத்திலுள்ள படி உரிமை மீறியது என்பதையும் அச்செயல் 52-ஆம் பிரிவின் விலக்குகளுள் அடங்காது என்பதையும் நிறுவும் விவரம்; படி இருக்கும் இடம்; ஏற்றியவர் யார் எனத் தெரிந்திருப்பின் அவரைப் பற்றிய விவரம்; 21 நாள்களுக்குள் தகுதியுள்ள நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து ஆணையைக் காட்டுவதாக அளிக்கும் உறுதிமொழி.

முறையீட்டால் தெளிவடைந்த தளத்தினர் 36 மணி நேரத்திற்குள் அப்படியைப் பிறர் அணுகாதவாறு தடுத்தல் வேண்டும். 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணை வாராதாயின் தடையை நீக்கலாம். அதன்பின் அதே முறையீட்டாளர் அதே இடத்திலுள்ள அதே படியைப் பற்றி மீண்டும் எழுதினால் விடையிறுக்கும் கடப்பாடு தளத்தினருக்கு இல்லை. எனவே முதல் முறையீட்டிலேயே பிழை நேராமை இன்றியமையாதது.

இதற்கு இணையாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 79-ஆம் பிரிவும் 2021 பிப்ரவரி 25-இல் வெளியான விதிகளும் இடைநிலையர்க்குக் குறைதீர் அலுவலரை அமர்த்தும் கடமையை விதிக்கின்றன. அவ்விதிகள் வெளியானபோது முறையீட்டுக்கு 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாள்களில் தீர்வும் தரப்பெற வேண்டும் என்றிருந்தது. கால அளவுகள் பின்னர்த் திருத்தங்களுக்கு உட்பட்டுள்ளமையால் முறையீடு எழுதும் நாளில் நடப்பிலுள்ள வடிவத்தைப் பார்த்துக்கொள்ளுதல் தகும். அலுவலர் முடிவில் நிறைவு காணாதவர் மேல்முறையீடு செய்வதற்கான குழுக்கள் 2022 திருத்தத்தின்வழி ஏற்பட்டன.

பெருந்தளங்கள் பல அமெரிக்காவைச் சார்ந்தவை. ஆதலின் அவற்றின் படிவங்கள் அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டு எண்மப் பதிப்புரிமைச் சட்டத்தை அடியொற்றியவை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் படிவத்தை நிரப்பும்போது, தாம் அறியாமலேயே இரு நாட்டுச் சட்டங்களின் மொழியை ஒருசேரக் கையாள்கிறார்.

3. கலைச்சொற்கள்

தமிழகத்தில் பதிப்புரிமை, காப்புரிமை, எழுத்துரிமை என்னும் சொற்கள் வேறுபாடின்றி வழங்குகின்றன. இவற்றுள் காப்புரிமை என்பது புதுப்புனைவுகளுக்கு அளிக்கப்பெறும் உரிமையையும் குறிப்பதால் இருபொருள்படுகிறது. அவ்வுரிமைக்கு 1970-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. முறையீட்டின் தலைப்பில் காப்புரிமை மீறல் என எழுதி அதனை மொழிபெயர்ப்பவர் பொருள் மாறிக் கொண்டால், முறையீடு தொடர்பற்ற வேறொரு பிரிவுக்குச் சென்று சேரும். பதிப்புரிமை என்பதே ஏற்புடையது. அதனுள் அமைந்த பதிப்பு என்னும் அடி அச்சு நூலை நினைவூட்டி, பாடல், ஒலிப்பதிவு முதலியவற்றை விலக்குவதுபோல் தோன்றுவது அச்சொல்லின் குறை.

முறையீட்டைக் குறிக்கும் சொல்லும் நாடுதோறும் வேறுபடுகிறது. தமிழகத்தில் புகார் என்பதும், இலங்கைத் தமிழில் முறைப்பாடு என்பதும், மலையாளத்தில் பராதி என்பதும் பெருவழக்கு. பழைய நீதிமன்றத் தமிழில் பிராது என்பது வழங்கியது. இவ்வேறுபாடு பொருட்குழப்பம் விளைப்பதில்லை. குழப்பம் விளைப்பவை வடிவொத்துப் பொருள் வேறுபடும் சொற்களே. பதிப்புரிமை முறையீட்டின் உயிர்நிலையான மூன்று கருத்துகளுக்குரிய சொற்கள் தமிழ் – மலையாள எல்லையில் இவ்வகையில் அமைந்துள்ளமை கருதத்தக்கது.

(அ) அவகாசம்: மலையாளத்தில் உரிமை என்பது பொருள். தமிழிலோ ஒரு செயலுக்கு அளிக்கப்பெறும் காலம் என்பது பொருள். பதிப்புரிமையைக் குறிக்கும் பகர்ப்பவகாசம் என்னும் மலையாளச் சொல், தமிழர் செவியில் படியெடுப்பதற்கான கால நீட்டிப்பு என ஒலிக்கும். 75-ஆம் விதி உரிமையையும் பேசுகிறது, 21 நாள் கெடுவையும் பேசுகிறது. ஆகவே ஒரே பத்தியில் இரு பொருளும் மயங்குவதற்கு இடமுண்டு.

(ஆ) அனுவாதம்: மலையாளத்தில் இசைவு என்பது பொருள். இந்தியில் இவ்வடிவம் மொழிபெயர்ப்பைக் குறிக்கும். அனுவாதமின்றி வெளியிட்டார் என்னும் மலையாளக் கூற்று இசைவின்மையைச் சுட்டுகிறது. இந்திவழிப் பயிற்சி பெற்ற ஒருவர் அதனை மொழிபெயர்க்காமல் வெளியிட்டார் எனக் கொள்ளக்கூடும்.

(இ) பரிபாஷை: மலையாளத்தில் பரிபாஷ என்பது மொழிபெயர்ப்பு. தமிழில் பரிபாஷை ஒரு துறையினர்க்கோ குழுவினர்க்கோ உரிய தனிவழக்கு. இந்தியில் அது வரையறை.

உரிமை, இசைவு, மொழிபெயர்ப்பு என்னும் மூன்றும் இன்றி முறையீடு எழுத இயலாது. அம்மூன்றிலும் வடிவம் ஒத்துப் பொருள் பிறழ்வதால், விழிஞ்ஞம் போன்ற இருமொழிப் பகுதியிலிருந்து எழும் ஆவணங்களில் மலையாளச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதுதல் தவிர்க்கத்தக்கது. உரிமை, இசைவு, மொழிபெயர்ப்பு என்னும் தமிழ்ச் சொற்களையே ஆவணம் முழுவதும் ஒரே பொருளில் ஆளுதல் வேண்டும். இலக்கிய நடைக்கு அழகாகும் சொல்வேறுபாடு சட்டப் பனுவலில் குற்றமாகும்.

4. உரிமையின் அடுக்குகள்

முறையீட்டில் நேரும் பிழைகளுள் தலையாயது, தமக்கு எதன்மீது உரிமை என்பதை வரையறுக்காமையாகும். மொழிபெயர்ப்பு நூலில் குறைந்தது ஈரடுக்கு உண்டு. தகழி சிவசங்கரப் பிள்ளையின் செம்மீன் 1956-இல் மலையாளத்தில் வெளிவந்தது. சுந்தர ராமசாமி அதனைத் தமிழில் பெயர்த்தார். தகழி 1999-இல் மறைந்தமையால் மூலத்தின் உரிமைக்காலம் 2059 இறுதிவரை செல்லும். சுந்தர ராமசாமி 2005-இல் மறைந்தமையால் தமிழ்ப் பெயர்ப்பின் உரிமைக்காலம் 2065 இறுதிவரை நீளும். தமிழ்ப் பெயர்ப்பின் படி ஒன்று தளத்தில் ஏற்றப்பெறின் இரு உரிமைகளும் மீறப்படுகின்றன. வேறொருவர் புதிதாகச் செய்த தமிழ்ப் பெயர்ப்பு ஏற்றப்பெறின் மூலத்தின் உரிமை மட்டுமே மீறப்படுகிறது. முன்னைய மொழிபெயர்ப்பின் சார்பில் முறையீடு செய்ய வழியில்லை.

திருக்குறள் போன்ற பழம்பனுவல்களில் மூலத்திற்கு உரிமைக்காப்பு இல்லை. ஆனால் அதன் இக்கால மலையாளப் பெயர்ப்பு தனிப்படைப்பாகும். ஆகவே முறையீட்டில் படைப்பின் பெயர் திருக்குறள் என மட்டும் எழுதினால், பொதுவுடைமையான நூலுக்கு உரிமை கோருவதாகப் பொருள்பட்டு முறையீடு தள்ளப்படும். இன்னார் செய்த இன்ன மொழிப் பெயர்ப்பு, இன்ன ஆண்டுப் பதிப்பு என விதந்து கூறுதல் வேண்டும்.

மொழியியலாரின் களப்பதிவில் அடுக்குகள் மேலும் பெருகும். விழிஞ்ஞம் கரையில் கரமடி இழுப்போர் பாடும் பாட்டு ஒன்றை ஆய்வாளர் ஒருவர் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். வழிவழி வந்த அப்பாட்டுக்கு ஆசிரியர் இல்லை. பாடியவருக்கு 38-ஆம் பிரிவின்படி நிகழ்த்துநர் உரிமை உண்டு. அது 50 ஆண்டுகள் நிற்கும். ஒலிப்பதிவுக்கு அதனை முன்னின்று பொறுப்பேற்றுச் செய்தவர் உரிமையாளர். அவ்வுரிமை வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். பாட்டின் ஒலிபெயர்ப்பு, சொற்பகுப்பு, மொழிபெயர்ப்பு, குறிப்புரை ஆகியவை ஆய்வாளரின் எழுத்துப் படைப்பு. அவர் ஒரு நிறுவனத்தின் ஊழியராகப் பணியின் பகுதியாக அதனைச் செய்திருப்பின், மாறான உடன்படிக்கை இல்லாதபோது 17-ஆம் பிரிவின்படி உரிமை நிறுவனத்தைச் சேரும்.

இவ்வடுக்குகளைப் பிரித்தறியாத முறையீடு இரு தீங்குகளை விளைக்கும். முதலாவது, தம் பெயரில் உரிமை இல்லாத ஆய்வாளர் தமக்கு உரிமை உண்டு எனக் கூறிவிடுதல். இரண்டாவது, அதனினும் கொடியது. அதே பாட்டைப் பாடகரின் மகனோ அண்டை வீட்டாரோ தம் குரலில் பாடி ஏற்றியிருக்கக்கூடும். தலைப்பும் சொற்களும் ஒத்திருத்தலை மட்டும் கண்டு ஆய்வாளர் முறையிட்டால், பாட்டின் உண்மை மரபினரே தம் பாட்டைப் பொதுவில் பாடும் வாய்ப்பை இழப்பர். ஆய்வாளருக்கு உரிமையுள்ளது தம் பதிவிலும் தம் எழுத்திலுமே; பாட்டில் அன்று.

5. முறையீடு ஒரு பேச்சுச் செயல்

ஆஸ்டினின் கோட்பாட்டை வளர்த்தெடுத்த சேர்ல் பேச்சுச் செயல்களை ஐவகைப்படுத்தினார். 75-ஆம் விதி கோரும் முறையீட்டில் அவற்றுள் மூன்று ஒருங்கே அமைகின்றன. படைப்பு இது, உரிமையாளர் இவர், மீறிய படி இது என்பன கூற்று வகை. அணுகலைத் தடுக்க என்பது ஏவல் வகை. 21 நாள்களுக்குள் வழக்குத் தொடுப்பதாகக் கூறுவது பொறுப்பேற்பு வகை. தமிழில் எழுதப்பெறும் முறையீடுகள் ஏவலை மிகுத்து, கூற்றைக் குறைத்து, பொறுப்பேற்பை விட்டுவிடும் இயல்பின. விண்ணப்பக் கடிதத்தின் மரபு அவற்றில் படிந்திருப்பதே காரணம் எனலாம். ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுதல் விண்ணப்பத்திற்குப் பொருந்தும். உரிமை முறையீட்டில் பணிவுக்கும் சினத்துக்கும் இடமில்லை, விவரத்துக்கே இடமுண்டு.

பொறுப்பேற்பை வெளியிடும் வினைவடிவமும் கருதத்தக்கது. தமிழின் எதிர்காலவினை வழக்கத்தையும் உணர்த்தவல்லது. எனவே வழக்குத் தொடுப்பேன் என்பதினும் வழக்குத் தொடுப்பதாக உறுதியளிக்கிறேன் எனச் செயலை வெளிப்படக் கூறும் வினையே ஏற்றது.

இடம் சுட்டுதல் மற்றொரு சிக்கல். இந்தத் தளத்தில் எங்கள் நூல் உள்ளது என்னும் தொடரில் இந்த என்னும் சுட்டு எழுதுவோர்க்கு மட்டுமே தெளிவு. மைஸ்பேஸ் எதிர் சூப்பர் கேசட்ஸ் வழக்கில் தில்லி உயர்நீதிமன்ற ஆயம் 2016 டிசம்பர் 23-இல் அளித்த தீர்ப்பு, இடைநிலையருக்குப் பொறுப்பு ஏற்படக் குறிப்பான அறிவு வேண்டும் என்றும் படைப்புகளின் பொதுப்பட்டியல் போதாது என்றும் கொண்டது. ஆகவே ஒவ்வொரு படிக்கும் அதன் முழு இணைய முகவரியும், ஒலிப்பதிவாயின் தொடங்கி முடியும் நேரமும், நூலாயின் பக்கமும் தனித்தனியே தரப்பெற வேண்டும்.

ஏற்றியவரைப் பற்றிய கூறில் செயப்பாட்டு வினை தடையாகிறது. ஏற்றப்பட்டுள்ளது என எழுதும்போது வினைமுதல் மறைகிறது. தெரிந்த வினைமுதலை மறைத்தலும், தெரியாதவரை ஊகித்துப் பெயர் சுட்டலும் ஒருங்கே குற்றம். பயனர் பெயர் மட்டுமே தெரிந்திருப்பின் அதனை மட்டும் தருதல் போதும். பாடநூல்களின் படிகள் டெலிகிராம் தடங்களில் பரவியது குறித்த நீது சிங் வழக்கில், தடங்களை இயக்கியோரின் விவரங்களை வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் 2022 ஆகஸ்டு 30-இல் ஆணையிட்டது. ஆளைக் கண்டறியும் வேலை நீதிமன்ற வழியில் நிகழத்தக்கது என்பதை இது காட்டுகிறது.

6. அடைத்தொடரின் ஆட்சிப் பரப்பு

அமெரிக்கச் சட்டம் கோரும் உறுதிக்கூற்றில் இரு பகுதிகள் உண்டு: தரப்பெற்ற செய்திகள் சரியானவை என்பது ஒன்று, உரிமையாளர் சார்பில் செயற்பட அதிகாரம் உண்டு என்பது மற்றொன்று. பொய்ச்சான்றுக்குரிய தண்டனை என்னும் அடை அச்சட்டத்தில் இரண்டாம் பகுதிக்கே உரியது. இதனைத் தமிழில் பெயர்க்கும்போது பின்வருமாறு அமைவதைக் காணலாம்.

(1) செய்திகள் சரியானவை என்றும், பொய்ச்சான்றுக்குரிய தண்டனைக்கு உட்பட்டு, எனக்கு அதிகாரம் உண்டு என்றும் உறுதி கூறுகிறேன்.

(2) செய்திகள் சரியானவை என்றும் எனக்கு அதிகாரம் உண்டு என்றும் பொய்ச்சான்றுக்குரிய தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூறுகிறேன்.

(1)-இல் அடை துணைவாக்கியத்துள் அகப்படுவதால் அதிகாரமே தண்டனைக்கு உட்பட்டது என்னும் பொருந்தாப் பொருள் தோன்றுகிறது. (2) தமிழுக்கு இயல்பானது. ஆயின் அடை முதன்மை வினையைத் தழுவுவதால் அதன் ஆட்சி இரு பகுதிகளுக்கும் பரவி, சட்டம் சுமத்தாத சுமையை எழுதுவோர் மீது சுமத்துகிறது. வினை இறுதியில் நிற்கும் மொழியில் இது தவிர்க்கவியலாத விளைவு. ஆகவே ஒரு வாக்கியத்தை இரண்டாக்குதலே தீர்வு.

(3) செய்திகள் சரியானவை எனக் கூறுகிறேன். உரிமையாளர் சார்பில் செயற்பட எனக்கு அதிகாரம் உண்டு என்பதைப் பொய்ச்சான்றுக்குரிய தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூறுகிறேன்.

அச்சட்டம் கோரும் மற்றொரு கூற்று, இப்பயன்பாடு இசைவு பெறாதது என முறையீட்டாளர் நேர்மையாக நம்புகிறார் என்பது. இதனை நல்லெண்ணத்துடன் எனப் பெயர்ப்பது வழக்கு. ஆயின் நல்லெண்ணம் தமிழில் பிறர்மீது கொள்ளும் பரிவையும் குறிக்கும். நேர்மையாக நம்புகிறேன் என்பதே தெளிவு. இந்திய விதி நம்பிக்கையைக் கேட்கவில்லை, நிறுவும் விவரத்தைக் கேட்கிறது. நம்புதல் உள்ளத்தின் நிலை. நிறுவுதல் சான்றின் வினை. ஒரு நாட்டுப் படிவத்திற்கு எழுதிய வாசகத்தை மற்றொரு நாட்டு விதிக்கு அப்படியே பயன்படுத்தலாகாமைக்கு இதுவே காரணம்.

7. சான்று காட்டும் முறை

தளத்தில் முறையீட்டை ஆராய்பவர் தமிழோ மலையாளமோ அறியாதவராக இருக்கலாம். எனவே இரு பனுவல்களையும் இணையாக நிறுத்திக் காட்டும் பொறுப்பு முறையீட்டாளருடையது. கருத்துக்கு உரிமை இல்லை, அதன் வெளிப்பாட்டுக்கே உரிமை என்பதை ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உச்சநீதிமன்றம் 1978-இல் தெளிவுபடுத்தியது. ஒரே மூலத்தை இருவர் தனித்தனியே பெயர்த்தாலும் ஒப்புமைகள் மிகுதியாக இருக்கும். கடல், வலை, தோணி போன்ற சொற்கள் ஒத்திருத்தல் எதனையும் மெய்ப்பிக்காது.

இங்கு மூலபாட ஆய்வின் நெறி துணைசெய்கிறது. ஏட்டுச் சுவடிகளின் உறவை அறிவதற்குப் பொதுவான சரியான பாடங்களைக் காட்டிலும் பொதுவான பிழைகளே சிறந்த சான்று. சரியான பாடத்தை இருவர் தனித்தனியே அடையலாம்; ஒரே பிழையை ஒரே இடங்களில் இருவர் மீண்டும் மீண்டும் தனித்தனியே அடைதல் அரிது. மலையாள அவகாசத்தைத் தமிழ் அவகாசமாகவே பெயர்த்த பிழை இரு பெயர்ப்புகளிலும் ஒரே பத்தியில் இருப்பின், அது வலுவான குறிப்பு. எனினும் இப்பிழை எவருக்கும் நேரத்தக்கதாதலின் ஒன்று போதாது. மூலத்தில் இல்லாத சேர்க்கை, விடுபட்ட தொடர், மொழிபெயர்ப்பாளர் புனைந்த தனிச்சொல், அச்சுப்பிழை ஆகியவற்றை வரிசைப்படுத்தி நான்கைந்து இடங்களைக் காட்டுதல் வேண்டும். கருத்துத் திருட்டு வேறு, பதிப்புரிமை மீறல் வேறு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பிறர் ஆய்வு முடிவைப் பெயர் சுட்டாமல் தம் சொற்களில் கூறுவது அறிவு நேர்மைக்கு இழுக்கு. ஆயினும் அது தளத்தில் நீக்கம் கோருவதற்குரிய மீறலாகாது.

8. தவறான முறையீடு

52-ஆம் பிரிவு தனிப்பயன், ஆராய்ச்சி, திறனாய்வு, மதிப்புரை, நடப்புச் செய்தி முதலியவற்றுக்கான நேரிய கையாளுகையை விலக்குகிறது. கேரள உயர்நீதிமன்றம் 1996-இல் சிவிக் சந்திரன் வழக்கில், தோப்பில் பாஸியின் நாடகத்தை எதிர்த்தெழுந்த நாடகம் அதன் பகுதிகளை எடுத்தாண்டதைத் திறனாய்வு நோக்கில் அணுகியது. எடுத்த அளவு, நோக்கம், இரண்டிற்கும் இடையே போட்டி நேரும் வாய்ப்பு ஆகியவை அங்கு எண்ணிப்பார்க்கப்பெற்றன. அமெரிக்காவில் லென்ஸ் வழக்கில் 2015-இல் வந்த தீர்ப்பு, நேரிய பயன்பாட்டை எண்ணிப் பார்த்த பின்னரே முறையீடு அனுப்ப வேண்டும் என்றது. அங்குச் சிக்கலுக்குள்ளானது 29 நொடிப் படம் ஒன்று.

அடிப்படையின்றி வழக்கு அச்சுறுத்தல் விடுப்போர்மீது பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்ல இந்தியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு வழிதருகிறது. அமெரிக்கச் சட்டம், ஏற்றியவர் எதிர் அறிவிப்பு அளிக்க இடந்தருகிறது. அதன்பின் முறையீட்டாளர் வழக்குத் தொடுக்காவிடின் 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் படி மீண்டும் இடம்பெறும். 75-ஆம் விதி அத்தகைய எதிர் அறிவிப்பைத் தனியே வகுக்கவில்லை. ஆகவே விழிஞ்ஞத்துப் பாடகரின் மகனுக்கு 21 நாள்கள் காத்திருப்பதே எளிய வழியாக எஞ்சுகிறது. அக்காத்திருப்பை அவர்மீது சுமத்தும் முன் இருமுறை எண்ணிப் பார்த்தல் முறையிடுவோரின் கடன்.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. முறையீட்டின் கலைச்சொற்கள் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் நெறியில் நிற்றல் வேண்டும். மூலம், மொழிபெயர்ப்பு, நிகழ்த்துகை, ஒலிப்பதிவு என்னும் அடுக்குகளுள் எதன்மீது உரிமை என்பது முதல் வரியிலேயே தெளிவாக வேண்டும். நம்பிக்கைக் கூற்றும் நிறுவும் கூற்றும் தனித்தனி வாக்கியங்களாதல் வேண்டும். சான்று பொதுவான ஒப்புமையாக அன்றிப் பொதுவான பிழையாக அமைதல் வேண்டும். களப்பதிவு செய்யும் மொழியியலார், பாடியவரின் உரிமையையும் பின்னாளில் யார் முறையிடலாம் என்பதையும் பதிவு நாளிலேயே எழுத்தில் வரையறுத்துக்கொள்வாராயின், பிற்காலச் சிக்கல்களுள் பெரும்பாலானவை எழாமலேயே போகும். தமிழிலும் மலையாளத்திலும் இணையாக எழுதப்பெற்ற ஒரு மாதிரிப் படிவத்தை இரு மொழியின் மொழியியலாரும் சட்ட அறிஞரும் கூடி உருவாக்குதல் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.